முதுகால் சாத்திய கதவு

அண்ணி கேக் செய்வதில் கெட்டிக்காரி என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் சொல்வார்கள். அவளுக்குக் கேக் என்றாலே ஆகாது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. முட்டை வாடை குமட்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்துக் குழைத்து வலது தோள் கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். தட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டதைச் சுரண்டிக் கழுவும் வேலை இருக்கிறதே, அதை எதிரிக்கும் விதிக்கக் கூடாது. இருந்தாலும் வாரம் தவறாமல் யாருக்காவது ஒரு கேக் அந்த வீட்டிலிருந்து போய்க்கொண்டேதான் இருந்தது. பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சையில் பாஸ், வேலை கிடைத்தது, வேலையை விட்டது, எதுவானாலும் சரி, கேட்பவர் வாயெடுக்கும் முன்பே "நான் செஞ்சு தரேன்" என்று அவளே முந்திக்கொள்வாள். இவளுக்குப் பைத்தியமா என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

முதலில் அவளை அண்ணி என்று கூப்பிட்டது மாடியில் குடியிருக்கும் கொழுந்தன். அப்புறம் கொழுந்தனின் சிநேகிதர்கள், அப்புறம் தெரு. காலையில் பேப்பர் போடுகிறவர் அவளைவிட நல்ல மூத்தவர், அவரும் அண்ணி என்கிறார். நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

அண்ணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்து உலர்த்திய படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து குவியும். சூடான உருளைக்குள் ஒரு முனையைக் கொடுத்தால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் வரும். அதை இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் பிடித்து, உதறி, பாதியாக்கி, அதையும் பாதியாக்கி அடுக்க வேண்டும். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நின்றபடிதான். சிமெண்டுத் தரை, நீராவிப் புழுக்கம். அந்தக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அது சூப்பர்வைசருடையது. அவர் இல்லாத நேரத்தில் அவருடைய பை அதில் உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. கூடத்தில் கைவைத்த நாற்காலி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி மர நாற்காலிகள், பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆனால் அண்ணி இதில் எதிலாவது உட்கார்ந்தால் போதும், எங்கோ மணி அடித்த மாதிரி யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். "அம்மாடி, ஒரு வாய் வெந்நீர் கிடைக்குமா?" என்பார் மாமனார். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், "அம்மா, என் சார்ஜரப் பாத்தியா?" என்பாள் மகள். அதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் வீட்டுக்காரர் குளியலறைக்குள்ளிருந்து துண்டு கேட்பார். மாடியிலிருந்து கொழுந்தனின் பெண்டாட்டி, அவளுடைய ஓரகத்தி, "அக்கா, கொஞ்சம் தயிர் இருக்குமா?" என்று கிண்ணத்தோடு இறங்கி வருவாள். நின்றுகொண்டிருப்பவளுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வேலை? அதனால் உட்கார்ந்திருக்கும்போது பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

இவர்களில் ஒருவரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் பெரிய கஷ்டம். கொடுமைக்காரர்களாக இருந்தால் வாய்விட்டுத் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இவர்களோ "பாவம், நீயும் எவ்வளவுதான் செய்வ" என்று சொல்லிக்கொண்டே கேட்பார்கள். அண்ணிக்குக் கோபம்கூட வராது. அலுப்புதான் வரும். தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

இனி ஓவனுக்கு வருவோம். அது கேஸ் அடுப்போடு சேர்ந்தது. மேலே பர்னர்கள், கீழே ஓவன், கீழ்நோக்கித் திறக்கும் கதவு. அந்தக் கதவை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் ஒரு நாள் உயிரை விட்டது. எத்தனை தடவை சாத்தினாலும் கதவு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. இத்தனைக்கும் அண்ணியின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்ட் கதவெல்லாம் அவர் தொட்டால் சொன்னபடி கேட்கும். சொந்த வீட்டு ஓவனுக்கு மட்டும் "பாக்கறேன், பாக்கறேன்" என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் போன் மேல் போன் வரும். ஓவன் கதவுக்கு யார் போன் செய்யப் போகிறார்கள்?

ஸ்பிரிங் போனது மகளின் பிறந்தநாள் அன்று. கேக்கை உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கதவு தொங்கிவிட்டது. அண்ணி வேறு வழி தெரியாமல் முக்காலியை இழுத்துப் போட்டாள். பழைய கம்பளி ஒன்றைத் தடிமனாக மடித்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மாடி, வெந்நீர்..."

"மாமா, என்னால எந்திரிக்க முடியாது. கதவ விட்டா கேக் அமுங்கிடும்."

மாமனார் அடுப்படி வரை வந்து எட்டிப் பார்த்தார். மருமகள் ஓவனுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு பதறிப்போனார். "ஐயையோ, நீ எந்திரிக்காதம்மா. எனக்கென்ன அவசரம்? அப்புறம் குடிச்சுக்கறேன்" என்று பூனை மாதிரித் திரும்பிப் போனார். மகள் வந்தாள், பார்த்தாள், போனாள். வீட்டுக்காரர் வந்து, "அசையாத, அசையாத" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

முதுகில் இளஞ்சூடு ஏறியது. இடுப்பில் வருஷக்கணக்காக முடிச்சுப் போட்டுக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல இளகியது. அண்ணி காலை நீட்டித் தன் பாதங்களைப் பார்த்தாள். வீங்கிப்போய், செருப்பு வார் பதிந்த தடத்தோடு, வேறு யாருடைய கால்களோ போல இருந்தன. வீடு நிறைய ஆள் இருந்தும் ஒரு கூப்பாடு இல்லை. அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. கேக் வெந்துவிட்டது என்று வாசனை சொன்னபோது, இவ்வளவு சீக்கிரமா என்று துக்கமாகக்கூட இருந்தது.

எழுந்ததும் என்ன, வெந்நீர், சார்ஜர், தயிர் எல்லாம் வரிசையில் காத்துக்கொண்டிருந்தன. யாராவது தானே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் அந்த வீட்டைப் புரிந்துகொள்ளவில்லை. அண்ணி ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. தன்னால் முடியவில்லை என்று சொன்னால் இந்த வீட்டில் எடுபடாது. கேக்கால் முடியாது என்று சொன்னால் அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள்.

அதற்கப்புறம்தான் அண்ணியின் கேக் புகழ் கிளம்பியது. கேக்கிலேயே எது அதிக நேரம் வேகுமோ அதைத் தேடிப் பிடித்தாள். உலர்பழம் போட்ட கனமான கேக் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது, தின்பதற்கு அல்ல, அது வேகவே வேகாது என்பதற்காக. பிஸ்கட் கேட்டால், "எனக்குப் பிஸ்கட் வராதுங்க" என்று கையை விரித்துவிடுவாள். வைத்த சூட்டில் வெந்துவிடும் சனியனை யார் செய்வது? தீயையும் வரவரக் குறைத்துக்கொண்டே போனாள். அடங்கிய தீயில் நிதானமாக வெந்த கேக் பஞ்சு மாதிரி வந்தது. தின்றவர்கள் "இந்த மெதுமெதுப்பு எப்படி அண்ணி வருது?" என்று வியந்தார்கள். "கைராசிதான்" என்று சொல்லிச் சிரித்து வைப்பாள்.

ஒரு தடவை உட்கார்வதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் நின்று மாவு சலிக்க வேண்டும், முட்டை அடிக்க வேண்டும், கடைசியில் பாத்திரம் தேய்க்க வேண்டும். அவளுக்கும் அது தெரியாமலில்லை. ஆனாலும் அந்த முக்காலியில் இருக்கும் நேரம் முழுக்க முழுக்க அவளுடையது. தூங்க மாட்டாள், யோசிக்கவும் மாட்டாள். எதிரே அலமாரிக்கு அடியில் கிடக்கும் தூசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பெருக்க வேண்டும் என்று தோன்றும். இப்போது முடியாது என்பதும் உடனே தோன்றும். அந்த இரண்டாவது நினைப்பு வெல்லக்கட்டியாக இனிக்கும்.

இப்படியே போய்க்கொண்டிருந்ததை வீட்டுக்காரருடன் கூட வேலை செய்யும் ஒருவர் கெடுத்தார். நல்ல மனுஷன்தான். யாரோ ஓய்வு பெறுகிறார் என்று கேக் வாங்கிப்போக வந்தவர், அடுப்படியில் அண்ணி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது? ஊர்ல இருக்கற லிஃப்ட் கதவயெல்லாம் நீ சாத்தற. உன் வீட்டுக் கதவ அண்ணி முதுகால சாத்தறாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்த வாரமே லீவு போட்டார். கடைகடையாக ஏறி இறங்கிச் சரியான ஸ்பிரிங் தேடிப் பிடித்தார். ஓவனைச் சுவரிலிருந்து இழுத்து, கதவைக் கழற்றி, துரு சுரண்டி, எண்ணெய் விட்டு, நாள் முழுக்க அதனோடு மல்லுக்கட்டினார். சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்தபோது வீடே அடுப்படியில் கூடியிருந்தது. ஓரகத்திகூட மாடியிலிருந்து வந்திருந்தாள்.

"கண்ண மூடு," என்றார் வீட்டுக்காரர். மூடினாள். டக்கென்று ஒரு சத்தம். "இப்பத் திற."

கதவு இழைத்த மாதிரிச் சாத்திக்கிடந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்காரரின் கையெல்லாம் கரி, முகமெல்லாம் பல்.

"இனிமே நீ முதுகு வேக அங்க உக்காந்து கெடக்க வேண்டாம். உள்ள வச்சமா, சாத்தினமா, நீ பாட்டுக்கு மத்த வேலையப் பாக்கலாம்."

"ரொம்ப சந்தோஷங்க," என்றாள் அண்ணி. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தால் இன்னும் பாவமாக இருந்தது.

கதவு சரியான பிறகு வைத்த முதல் கேக் அன்று, பழக்கதோஷத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மாடி, வெந்நீர்" என்றது கூடம். எழுந்து கொடுத்தாள். மகள் சட்டையை நீட்டினாள், "நீதானம்மா நல்லா அயர்ன் பண்ணுவ, நாள் பூரா அதுதான பண்ற." தேய்த்துக் கொடுத்தாள். மாடியிலிருந்து ஓரகத்தி வெங்காயம் அனுப்பினாள். நறுக்கினாள். வீட்டுக்காரர் வந்து ஓவன் கதவைத் தடவிப் பார்த்து, "பாத்தியா, எவ்வளவு வேலை முடிஞ்சுது ஒனக்கு!" என்று பூரித்துப்போனார்.

வாக்குக் கொடுத்த கேக்குகள் இன்னும் நிறைய இருந்தன. முடியாது என்று யாரிடம் சொல்வது? ஆசையாகத் தானே முன்வந்து ஒப்புக்கொண்டவை. அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து முடித்தாள். நிற்பது மட்டும்தான் மிச்சம், உட்கார்வது இல்லை என்றானது. ஒரு நாள் சலவைக்கூடத்தில் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி, நின்ற நிலையிலேயே அவள் கண் செருகிவிட்டது. மறுமுனையில் நின்றவள் கஞ்சியக்கா. டாக்டர்களின் கோட்டுக்குக் கஞ்சி போடுவதில் கில்லாடி, அதனால் அந்தப் பேர்.

"ஏய், விழுந்து கிழுந்து வைக்காத. இந்த ஆஸ்பத்திரியில நமக்கு படுக்க பெட்டு குடுக்க மாட்டாங்க, பெட்ஷீட்டுதான் குடுப்பாங்க. என்ன ஆச்சு ஒனக்கு?"

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். முக்காலி, கம்பளி, கதவு, ஸ்பிரிங், ஒன்று விடாமல். கஞ்சியக்கா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"உக்காரணும்னா உக்காரேன்டி. அதுக்கு எதுக்கு இத்தன முட்டைய ஒடச்ச?"

"உக்காந்தா கூப்பிடறாங்கக்கா."

"கூப்பிட்டா?"

கூப்பிட்டால் எழுந்திருக்காமல் இருக்கலாம் என்பது அண்ணியின் புத்திக்கு எட்டவே இல்லை. கஞ்சியக்கா விரிப்பை உதறினாள். "அப்ப ஒண்ணு பண்ணு. ஸ்பிரிங்கக் கழட்டி எறி."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அண்ணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் பிறந்தநாள். முந்தின நாள் அரை நாள் லீவில் மத்தியானமே வந்து, வீட்டில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து, வீட்டுக்காரரின் கருவிப்பெட்டியிலிருந்து குறடை எடுத்தாள். ஓவன் கதவைத் திறந்து, ஓரத்தில் கொக்கியில் மாட்டியிருந்த ஸ்பிரிங்கைக் குறடால் கவ்வி இழுத்தாள். வரவில்லை. வீட்டுக்காரர் அப்படி மாட்டியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தாள். கொக்கி நெளிந்து, ஸ்பிரிங் உள்ளே டங்கென்று விழுந்தது. கதவு பழையபடி வாயைப் பிளந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி அலுப்பு போய்விட்டது. குறடைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அண்ணி கேக் மாவைக் கலந்து, டின்னில் ஊற்றி வைத்துவிட்டு, தொங்கிய ஓவன் கதவைச் சாத்துவது போலத் தள்ளினாள். தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரலில், "ஐயோ, இது மறுபடி போயிடுச்சுங்களே!" என்றாள். "சரி, பரவால்ல, நான் பழையபடி உக்காந்துக்கறேன்." கை அதற்குள் முக்காலிக்குப் போய்விட்டது.

"இரு இரு, அதெப்படிப் போகும்?" என்று வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்தார். தரையில் படுத்து உள்ளே வெளிச்சம் அடித்தார். எழுந்து உட்கார்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"இது தானாப் போகல. குறடு கடிச்ச தடம் அப்படியே இருக்கு. கொக்கிய நெளிச்சிருக்காங்க."

மெக்கானிக் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தும் அண்ணிக்கு இது தோன்றவில்லை. இரும்பில் எந்தக் கருவி எங்கே பட்டது என்று அவருக்குத் தெரியும் என்பதை, குறடைத் துடைத்து வைத்தவள் மறந்துபோனாள்.

வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் வந்து நின்ற ஓரகத்தியை நேரே பார்த்தார். முந்தின நாள் காலையில் வேர்க்கடலை வறுக்க ஓவனைக் கேட்டு உபயோகித்தவள் அவள்தான்.

"ஏம்மா, கதவு இறுகியிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? குறடப் போட்டா இழுப்பாங்க? ஒரு நாள் லீவு போட்டுச் செஞ்ச வேலை."

"நானா? அத்தான், சத்தியமா நான் குறடத் தொடவே இல்ல!"

"அப்ப பேயா வந்து கடிச்சுது?"

ஓரகத்தியின் கண் தளும்பிவிட்டது. கொழுந்தன் எழுந்து, "அண்ணே, பாத்துப் பேசுங்க" என்றான். மாமனார் "நல்ல நாளும் அதுவுமா" என்று ஆரம்பித்து, யாரைச் சமாதானம் செய்வது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். ஓரகத்தி வாயாடிதான், நாளுக்கு நான்கு தடவை கிண்ணத்தோடு வருகிறவள்தான். ஆனால் செய்யாத தப்புக்கு அவள் உதடு துடிப்பதை அண்ணியால் பார்க்க முடியவில்லை.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கழட்டினேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நீயா?" வீட்டுக்காரர் டார்ச்சைக் கீழே வைத்தார். "ஏன்?"

"உக்காரத்தான்."

"என்னது?"

"உக்காரத்தாங்க. கதவு தொங்கிச்சுன்னா நான் உக்காரலாம். யாரும் கூப்பிட மாட்டீங்க. அதுக்காகத்தான் இத்தன நாளும் கேக்கே செஞ்சேன். எனக்குக் கேக்கு புடிக்காது."

வீட்டுக்காரருக்கு வேஷம் போடத் தெரியாது. மனசில் பட்டதைத்தான் கேட்டார். "ஏம்மா, உக்கார்றதுக்கு இங்க யாரு வேணாம்னு சொன்னா?"

அண்ணி வாயைத் திறந்தாள். ஒரு பேர்கூட வரவில்லை. உண்மையிலேயே ஒருவரும் சொன்னதில்லை. அவள் நினைவு தெரிந்து, உட்காராதே என்று அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது இன்னும் வலித்தது.

"யாரும் வேணாம்னு சொல்லல," என்றாள். "யாரும் விடல."

மகள் தரையைப் பார்த்தாள். ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, மொதல்ல வந்து உக்காருங்க," என்று இழுத்துக்கொண்டு போய்க் கூடத்துக் கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்தாள். அது மாமனாரின் நாற்காலி. அவர் எழுந்து வழி விட்டார்.

"இன்னைக்கு நீ எந்திரிக்கக் கூடாது," என்றார் வீட்டுக்காரர். "கேக்க நாங்க பாத்துக்கறோம். சமையலையும் நாங்க பாத்துக்கறோம்." அத்தனை பேரும் அடுப்படிக்குள் போனார்கள்.

அண்ணி சாய்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி மெத்தென்றிருந்தது. பெருமூச்சு ஒன்று பாதி வெளியே வந்திருக்கும், வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நீ எந்திரிக்காத, சொல்லு மட்டும். தீ எவ்வளவு வைக்கணும்?" சொன்னாள். மகள் எட்டிப் பார்த்தாள். "எந்திரிக்காதம்மா. பெரிய வாணலி எங்க இருக்கு?" சிங்க்குக்குக் கீழே. "கரண்டி?" வலது பக்கம் இரண்டாவது இழுப்பறை. "அக்கா, நீங்க உக்காருங்க, உப்பு மட்டும் எங்கன்னு..." அடுப்புக்குப் பின்னால் தட்டில். "எண்ணெய்?" "கைப்பிடித்துணி?" "அரிசி எத்தன டம்ளர்?"

ஒவ்வொருவரும் அவ்வளவு அன்பாகக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் எழுந்திருக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார்கள். அண்ணி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். உடம்பு நாற்காலியில் இருந்தது, தலை அடுப்படியில் நின்று அலமாரி அலமாரியாகத் திறந்துகொண்டிருந்தது. எந்தச் சாமான் எங்கே என்பது இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதை அவளே இப்போதுதான் பார்த்தாள். இத்தனை வருஷமும் இவர்கள் இந்த வீட்டில்தானே இருந்தார்கள்? அவளுக்குக் கால் மறுபடி கடுக்க ஆரம்பித்தது. எழுந்து போய்த் தானே செய்துவிட்டால் நிம்மதி என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மாமனார் மெல்ல நடந்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். பிறந்தநாளுக்குப் போட்ட புதுச் சட்டை, கையில் காலித் தம்ளர்.

"தொந்தரவு பண்றேன்னு நினைக்காத அம்மாடி. எல்லாருக்கும் டீ போடலாம்னு பாத்தேன். சக்கர டப்பா எங்க இருக்கு?"

மேல் அலமாரியில், இடது பக்கம், பச்சை மூடி போட்டது. எறும்பு வராமல் இருக்க அடியில் தண்ணீர்க் கிண்ணம். நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அண்ணி வாயை மூடிக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். நல்ல மனுஷர். அவர் ஒருநாளும் அவளைக் கடிந்து பேசியதில்லை.

"தெரியாது மாமா."

"என்னம்மா?"

"எனக்குத் தெரியாது."

அவர் ஏதோ சொல்ல வந்தார். உனக்கே தெரியாதா என்று கேட்க வந்திருக்கலாம். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்காமல் திரும்பிப் போனார். அடுப்படியில் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் ஒரு அலமாரி திறந்தது, இன்னொன்று திறந்தது, ஏதோ டப்பா உருண்டது. "இது உப்பு," என்றது ஓரகத்தியின் குரல். "மேல பாருங்க தாத்தா," என்றது மகளின் குரல்.

அண்ணி நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.